மதிப்பெண் ஷீட்டில் என்ன தகராறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எக்செல்லில் # குறியோடு வரும் பிழைகளைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. அவை தாமாகவே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். பயப்பட வேண்டியது வேறு: எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும், மொத்தமும் சராசரியும் அழகாக வந்திருக்கும், இரண்டு பிள்ளைகளின் எண் மட்டும் தவறாக இருக்கும். பெற்றோர் கூட்டத்தன்று யாராவது விடைத்தாளையும் ரேங்க் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது வெளியே வரும். அதனால் இங்கே சத்தம் போடாத தவறுகளை முதலில் வைத்திருக்கிறேன். கத்துகிறவை கடைசிப் பக்கம்.

சொல்பவை எக்செல்லுக்கும் கூகுள் ஷீட்டுக்கும் பொது. மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். சூத்திரப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன் கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரில் அன்றைய தேதியைப் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

தேர்வுக்கே வராத பையன் பாஸ் என்று வருகிறான்

இருப்பதிலேயே மோசமானது இதுதான். வராத பிள்ளைக்கு மதிப்பெண் கட்டத்தில் 'ஏபி' என்று போடுவது நம் வழக்கம். பக்கத்துக் கட்டத்தில் =இஃப்(சி2>=35,"பாஸ்","ஃபெயில்") என்று ஒரு சூத்திரம் இருக்கும். ஏபி இருக்கும் வரிசையில் அது என்ன காட்டும் என்று போட்டுப் பாருங்கள். பாஸ் என்றுதான் வரும்.

எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட நேர்ந்தால், எந்த எழுத்தும் எந்த எண்ணைவிடவும் பெரியது என்றே எக்செல் எடுத்துக்கொள்ளும். கூகுள் ஷீட்டும் அப்படித்தான். ஏபி 35-ஐவிடப் பெரியது, 100-ஐவிடவும் பெரியது. ஆக, வீட்டில் படுத்துத் தூங்கினவன் பாஸ்.

ஐந்து பாடத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் சுருக்கமாக மின்(சி2:ஜி2)>=35 என்று எழுதுவதுண்டு. ஐந்தில் மிகச் சிறிய மதிப்பெண் 35-க்குக் குறையாவிட்டால் பாஸ் என்ற கணக்கு. யோசனை நல்லதுதான், ஆனால் மின் சார்பு (ஃபங்ஷன்) எழுத்து இருக்கும் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. கணக்குத் தேர்வுக்கு வராதவனுக்கு மீதி நான்கு பாடத்தில் சிறியதைப் பார்த்துவிட்டு பாஸ் போட்டுவிடும்.

நம்பி எழுதக்கூடியது கவுண்டிஃப்:

=இஃப்(கவுண்டிஃப்(சி2:ஜி2,">=35")=5,"பாஸ்","ஃபெயில்")

இது எண்ணாக இருந்து 35-க்குக் குறையாத கட்டங்களை மட்டும் எண்ணும். ஏபி கணக்கில் வராது, வெற்றுக் கட்டமும் வராது. ஐந்தும் தேறினால்தான் பாஸ். தனிப் பாடத்துக்கு என்றால் முதலில் இஸ்நம்பர் வைத்து அது எண்தானா என்று கேட்டுவிட்டு, பிறகு 35-ஓடு ஒப்பிடுங்கள். எண் இல்லை என்றால் "ஆப்சென்ட்" என்று காட்டச் சொல்லுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று வகுப்புச் சராசரி. 40 பேர் வகுப்பில் 4 பேர் வரவில்லை, மீதி 36 பேரின் கூட்டுத்தொகை 2160 என்று வைத்துக்கொள்வோம். வராதவர்களுக்கு ஏபி போட்டிருந்தால் சராசரி 60. 0 போட்டிருந்தால் 54. ஆவரேஜ் சார்பு எழுத்தையும் வெற்றையும் விட்டுவிடும், 0-வைச் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். ஒரே பள்ளியில் 'அ' பிரிவு ஆசிரியர் ஏபி போட, 'ஆ' பிரிவு ஆசிரியர் 0 போட, தலைமையாசிரியர் இரண்டு சராசரியையும் ஒப்பிட்டு விளக்கம் கேட்பார். வெற்று என்றால் இன்னும் பதியவில்லை, ஏபி என்றால் வரவில்லை, 0 என்றால் வந்து எழுதி ஒன்றும் பெறவில்லை. இதை ஷீட்டின் தலையிலேயே ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்து வராது.

மொத்தம் குறைவாக வருகிறது. கையால் கூட்டினால் வேறு எண்

கட்டங்களில் 45, 62, 71 எல்லாம் தெரிகின்றன. சம் போட்டால் ஒன்றை விட்டுவிட்டுக் கூட்டுகிறது. எண்கள் கட்டத்தில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் ஒழுங்குபடுத்தாதவரை எண் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்கும் 62 ஒரு எண் அல்ல, 6, 2 என்ற இரண்டு எழுத்துகள். எக்செல் என்றால் கட்டத்தின் மூலையில் சின்னதாகப் பச்சை முக்கோணமும் இருக்கும்.

சி2+டி2+இ2 என்று கூட்டல் குறி போட்டு எழுதினால் இதே எழுத்து-எண்ணை எக்செல் எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும். சம் போட்டால் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். ஒருவர் ஷீட்டில் சரியாக வருவது இன்னொருவர் ஷீட்டில் தவறாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சரிசெய்ய: அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், எதையும் மாற்றாமல் நேரே 'ஃபினிஷ்' அழுத்துங்கள். பெரும்பாலானவை எண்ணாகிவிடும். கூகுள் ஷீட்டில் ஃபார்மேட் மெனுவில் நம்பர் என்று மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் பக்கத்தில் வேல்யூ சார்பு போட்டு எடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்போதும் சில மசியாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய மதிப்பெண்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி கூடவே வரும். ட்ரிம் சார்பு வழக்கமான இடைவெளியைத்தான் நீக்கும், இதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் சார்பில் கேர்(160) என்பதை வெற்றாக மாற்றச் சொன்னால் போய்விடும். இன்னும் ஒன்று மீதி இருந்தால், யாரோ பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்திருக்கிறார்கள். கைபேசியில் பதிந்து அனுப்புகிற ஷீட்டில் இது சகஜம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காவல் கட்டம் போதும். நெடுவரிசையின் அடியில் கவுண்ட் ஒரு கட்டத்திலும், கவுண்ட்ஏ அடுத்த கட்டத்திலும் போட்டு வையுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது நிரம்பிய எல்லாக் கட்டங்களையும் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏபி போட்டவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். கூடினால் எங்கோ ஒரு எழுத்து-எண் ஒளிந்திருக்கிறது.

35 என்று தெரிகிறது, பக்கத்தில் ஃபெயில் என்கிறது

கட்டத்தில் இருப்பது 34.6. தசமம் வேண்டாம் என்று நீங்கள் வடிவமைப்பை மாற்றியதால் 35 என்று காட்டுகிறது. சூத்திரம் பார்ப்பது உள்ளே இருக்கும் 34.6-ஐ. தசமத்தை மறைப்பது வேறு, முழுமையாக்குவது வேறு. ரவுண்ட்(…,0) போட்டால்தான் உள்ளேயும் 35 ஆகும்.

ரவுண்டை எந்த இடத்தில் போடுகிறோம் என்பது அடுத்த சிக்கல். முப்பருவ முறையில் வளரறி (அ) 20, வளரறி (ஆ) 20, தொகுத்தறி 60 என்று பிரித்து ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்போம்: 15.5, 16.5, 47.5. கூட்டினால் 79.5, முழுமையாக்கினால் 80. ஒவ்வொன்றையும் முதலில் முழுமையாக்கிவிட்டுக் கூட்டினால் 16, 17, 48, மொத்தம் 81. தர அட்டவணையில் 71 முதல் 80 வரை பி1, 81 முதல் 90 வரை ஏ2. ஒரே விடைத்தாள்கள், ஒரே பிள்ளை, தரம் மட்டும் வேறு. என் விருப்பம் கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்குவது. உங்கள் பள்ளியில் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் அதுவும் சரி, எல்லாப் பிரிவிலும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

தரத்தைத் தேடி எடுக்கும் அட்டவணையிலும் இதே கோளாறு வரும். ஒவ்வொரு தரத்தின் கீழ் எல்லையை மட்டும் (0, 21, 33, 41, 51, 61, 71, 81, 91) சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். நம் கை பழக்கத்தில் ஏ1-ஐ மேலே வைத்து இறங்குவரிசையில் எழுதிவிடுவோம். அட்டவணையில் தேடி எடுக்கும் வீலுக்கப் சார்பு தோராயப் பொருத்தத்தில் அதை ஏற்காது, கண்டபடி தரம் கொடுக்கும். 90.5 இருந்தால் ஏ2 என்று வரும். முதலில் ரவுண்ட் போட்டிருந்தால் 91 ஆகி ஏ1.

மொத்தம் தேறுகிறது, பாடத்தில் தேறவில்லை. ஷீட் பாஸ் என்கிறது

இது சூத்திரம் எழுதியவர் விதியைப் பாதி மட்டும் எழுதியதால் வருவது. மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தத்தில் 35 வேண்டும் என்பதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் 15 வாங்கியாக வேண்டும். செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 முழுசாக வாங்கி எழுத்தில் 14 வாங்கியவனுக்கு மொத்தம் 44. மொத்தத்தை மட்டும் பார்க்கும் சூத்திரம் அவனைப் பாஸாக்கிவிடும். அதனால் எழுத்து, செய்முறை, அகமதிப்பீடு மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்து, ஆண்ட் சார்பில் இரண்டு நிபந்தனையையும் எழுதுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்து 75-க்கு 20, செய்முறை 25-க்கு 15. இரண்டும் தேறினாலே மொத்தம் 35 ஆகிவிடும், அதனால் அங்கே மொத்தத்தைத் தனியாகச் சோதிக்கத் தேவையில்லை.

ஒருவரின் மார்க் இன்னொருவர் பெயரில் நிற்கிறது

அகரவரிசைப்படுத்திய பிறகு இப்படி ஆனால் முதலில் கன்ட்ரோல்+இசட் அழுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். மூடிவிட்டுத் திறந்திருந்தால், கூகுள் ஷீட்டில் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, முந்தைய நிலைக்குப் போய்விடலாம். கணினியில் மட்டும் சேமித்த எக்செல் கோப்புக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. எடுத்து வைத்த நகல்தான் கதி.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது எளியது: பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள். எக்செல் "பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா?" என்று ஒரு பெட்டியில் கேட்டிருக்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்போம். கூகுள் ஷீட் பல நேரம் கேட்பதே இல்லை.

இரண்டாவதுதான் ஆளைச் சாய்ப்பது. முதல் ஷீட்டில் பெயர்ப்பட்டியல். தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று பாடவாரியாகத் தனித்தனி ஷீட். பாட ஷீட்டில் பெயரைத் திரும்ப அடிக்காமல் =பட்டியல்!பி2 என்று இழுத்து விட்டிருக்கிறோம், பக்கத்தில் மதிப்பெண்ணைக் கையால் பதிந்திருக்கிறோம். பாதி ஆண்டில் ஒரு பிள்ளை டிசி வாங்கிப் போகிறது, இரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள், வகுப்பாசிரியர் முதல் ஷீட்டை மறுபடி அகரவரிசைப்படுத்துகிறார். பாட ஷீட்டில் பெயர்கள் எல்லாம் இடம் மாறிவிடும். கையால் பதிந்த மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பிழைக்குறி ஏதும் வராது. மொத்தம் வரும், சராசரி வரும், சராசரி மாறக்கூட மாறாது.

இதற்கு மருந்து, மதிப்பெண் இருக்கும் ஷீட்டில் சேர்க்கை எண்ணையோ எமிஸ் எண்ணையோ (கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்) மதிப்பாகவே பதிந்து வைப்பது. இழுத்து வரும் சூத்திரமாக வைக்கக் கூடாது. பெயரை அந்த எண்ணைக் கொண்டு தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எப்படிப் புரண்டாலும் எண்ணும் மதிப்பெண்ணும் ஒட்டியே இருக்கும். டிசி வாங்கியவரின் வரிசையை நீக்கவும் வேண்டாம், 'டிசி' என்று ஒரு நெடுவரிசையில் குறித்துவிட்டு வடிகட்டி மறைத்தால் போதும். ஆனால் வடிகட்டி மறைத்த வரிசைகளையும் சம் கூட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூட்டச் சப்டோட்டல்(109,…) போடுங்கள்.

தலைப்புக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தால் வரிசைப்படுத்தவே விடாது. மெர்ஜ் செய்வதை அச்சடிக்கும் ஷீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பதியும் ஷீட்டில் வேண்டாம்.

8/10 என்று போட்டால் தேதியாகிவிடுகிறது

பத்துக்கு எட்டு என்று பதிந்தீர்கள், அக்டோபர் 8 என்று வந்துவிட்டது. இருபதுக்குப் பத்து என்று 10/20 போட்டால் எக்செல் அதை 2020 அக்டோபர் என்று எடுத்துக்கொள்ளும். மொத்தம் திடீரென்று நாற்பதாயிரத்துக்கு மேல் போனால் இதுதான் காரணம். தேதிகளை எக்செல் உள்ளே நாள் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 8 என்பது அதற்கு 45938.

வடிவமைப்பை டெக்ஸ்ட் என்று இப்போது மாற்றினால் 8/10 திரும்பி வராது, 45938தான் தெரியும். ஆனால் மதிப்பெண் தொலைந்துவிடவில்லை. நாள் முதலில், மாதம் பிறகு என்ற நம் ஊர் அமைப்பில் இருந்தால் டே சார்பு போட்டால் 8 கிடைக்கும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மன்த் போட வேண்டும். 10/20 போன்றவை மாதம்-ஆண்டு ஆனதால் அவற்றுக்கு எப்போதும் மன்த். இரண்டும் கலந்து கிடந்தால் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பதிவதே மேல். இனி, எத்தனைக்கு என்பதைத் தலைப்பில் எழுதிவிட்டு, கட்டத்தில் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் போடுங்கள்.

இதன் சொந்தக்காரன்தான் ஆதார் எண் 1.23இ+11 என்று சுருங்கி நிற்பது. 12 இலக்கம் என்பதால் அகலத்தைக் கூட்டி நம்பர் என்று மாற்றினால் முழுதாகத் தெரியும். சில வங்கிகளின் 16 இலக்கக் கணக்கு எண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும், 16-ஆவது 0 ஆகிவிடும், திரும்பாது. உதவித்தொகைப் பட்டியலில் எல்லாக் கணக்கு எண்ணும் 0-வில் முடிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பதியும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும்.

பெயர் ஒன்றுதான், தேடினால் கிடைக்கவில்லை என்கிறது

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கே உரிய தலைவலி இது. மூன்று வகை.

பழைய ஷீட் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்த பெயரோடு அது எந்தக் காலத்திலும் பொருந்தாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

யூனிகோடிலேயே 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். க-வோடு ஒற்றைக் கொகரக் குறியைச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும். லென் சார்பு போட்டால் முதலாவதுக்கு 2, இரண்டாவதுக்கு 3 என்று வரும். கோமதியும் சொக்கலிங்கமும் மட்டும் பொருந்தாமல் நின்றால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது தலைப்பெழுத்து (இனிஷியல்). 'ச. கார்த்திக்', 'ச.கார்த்திக்', 'கார்த்திக் ச' மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள். ஒரே வகுப்பில் உண்மையிலேயே இரண்டு கார்த்திக் இருந்தால் வீலுக்கப் மேலே இருப்பவரின் மதிப்பெண்ணையே இருவருக்கும் கொடுக்கும், அதுவும் சத்தமில்லாமல். அதனால்தான் பெயரால் தேடாதீர்கள், சேர்க்கை எண்ணால் தேடுங்கள் என்பது.

எண்ணால் தேடினாலும் வீலுக்கப்பின் கடைசி இடத்தில் ஃபால்ஸ் (அல்லது 0) போட மறக்கக் கூடாது. விட்டுவிட்டால் தோராயமாகப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத எண்ணுக்கும் பக்கத்து ஆளின் மதிப்பெண்ணைக் கொண்டுவந்து வைக்கும். எக்ஸ்லுக்கப் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சொல்லாமலே சரியான பொருத்தத்தை மட்டும் தேடும். பள்ளிக் கணினியில் 2021-க்கு முந்தைய எக்செல் என்றால் அது இருக்காது.

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து தமிழ் குப்பையாகத் தெரிந்தால், அப்படித் திறக்காமல் டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போய் யுடிஎஃப்-8 (65001) என்று தேர்ந்தெடுங்கள்.

ரேங்க் கீழே போகப் போகத் தப்பாகிறது

முதல் வரிசையில் சரி, இழுத்து விட்டதும் எல்லை நகர்ந்துவிட்டது. ரேங்க்(எச்2,எச்2:எச்41) என்பதில் பின்னால் இருக்கும் எல்லையின் மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தி டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். கீழே 30-ஆவது ஆளுக்கு 3-ஆம் ரேங்க் வருவது இதனால்தான். இருவர் முதலிடம் பெற்றால் அடுத்தவர் 3 என்று வருவது பிழை அல்ல. 2 என்று வர வேண்டுமானால் வேறு சூத்திரம் வேண்டும். ஃபெயில் ஆனவர்களுக்கு ரேங்க் வேண்டாம் என்றால் பாஸ் ஆனவர்களின் மொத்தத்தை மட்டும் தனி நெடுவரிசையில் எடுத்து அதற்கு ரேங்க் போடுங்கள்.

ரூப்ரிக் போட்டேன், எல்லோருக்கும் ஒரே மாதிரி மார்க்

ரூப்ரிக் என்பது வேலையைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிலை வைத்து மதிப்பெண் போடும் அட்டவணை. அறிவியல் செயல்திட்டத்துக்கு ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நான்கு நிலைகள், மொத்தம் 20. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பெயருக்கு ஒரு அட்டையை ஒட்டிக் கொண்டுவந்தவனுக்கும் 5 கிடைத்துவிடும். 4 போட நமக்குக் கை வராது, 1 போட மனசு வராது. ஆக எல்லோரும் 2-க்கும் 3-க்கும் நடுவில், அதாவது 10-லிருந்து 15-க்குள் குவிந்துவிடுவார்கள். கூறு அறவே இல்லை என்பதற்கு 0 நிலை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதே பாதி சரியாகும்.

மீதிப் பாதி, நிலைகளுக்கு எழுதியிருக்கும் விளக்கத்தில் இருக்கிறது. "பதிவு: மிக நன்று / நன்று / சுமார் / முயற்சி தேவை" என்று எழுதியிருந்தால் அதை ரூப்ரிக் என்று சொல்ல முடியாது, பழைய மதிப்பெண்ணுக்கே வேறு சட்டை. இப்படி எழுதிப் பாருங்கள்: 4 என்றால் கருவியின் படம், பாகங்களின் பெயர், அளவீட்டு அட்டவணை, அலகு நான்கும் இருக்கின்றன. 3 என்றால் இவற்றில் ஒன்று இல்லை. 2 என்றால் இரண்டு இல்லை. இப்போது குறிப்பேட்டைத் திறந்தால் எண்ணிப் பார்த்துப் போட்டுவிடலாம், யோசிக்க வேண்டியதில்லை. எல்லாக் கூறையும் இப்படி எண்ண முடியாது, விளக்கம் சொல்லும் திறனை எண்ணவே முடியாது. முடிகிற கூறுகளில் செய்தாலே குவியல் கலையும்.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே வேலைக்கு மாறி மாறி மதிப்பெண் போடுகிறார்கள் என்றால், திருத்தத் தொடங்கும் முன் ஐந்தாறு குறிப்பேடுகளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, கூறுவாரியாக ஒரு ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் பதியுங்கள். வித்தியாசத்தை ஒரு நெடுவரிசையில் எடுங்கள். மொத்தத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஒன்றில் கூடியது இன்னொன்றில் குறைந்து சமமாகியிருக்கும். கூறுவாரியாகப் பார்த்தால் எந்த இடத்தில் இருவர் மனசும் வேறு என்று உடனே தெரியும். பெரும்பாலும் அது 'படைப்பாற்றல்' என்று பெயரிட்ட கூறாகத்தான் இருக்கும். எழுத்துப்பிழைக்கு 'பதிவு', 'மொழி' இரண்டிலும் குறைக்கிறீர்களா என்றும் பாருங்கள், ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ரூப்ரிக் வைத்திருப்பவர்களின் புகார் வேறு: "ஐந்து கூறிலும் 3 போட்டேன், 20-க்கு 15 என்றால் 75 விழுக்காடு வர வேண்டும், 66.67 காட்டுகிறது." கீழே சொல்லும் தேர்வு டிக் செய்யப்படாமல் இருந்தால் மூடுல் குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கழித்துவிட்டுக் கணக்கிடும். 15-இல் 5 போக 10, 20-இல் 5 போக 15, பதினைந்துக்குப் பத்து. எல்லாவற்றிலும் 2 வாங்கிய பிள்ளைக்கு நம் கணக்கில் 50, மூடுல் கணக்கில் 33.33. ரூப்ரிக் அமைப்பின் அடியில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். அல்லது முன்பு சொன்ன மாதிரி 0 நிலையைச் சேர்த்துவிட்டால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும்.

கூகுள் கிளாஸ்ரூமில் திருத்தத் தொடங்கிய பிறகு ரூப்ரிக்கை மாற்ற விடாது. அதனால் ஒரு குறிப்பேட்டைத் தனித்தாளில் திருத்திப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். "மார்க் போட்டுவிட்டேன், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை" என்றால் ரிட்டர்ன் அழுத்தவில்லை. கிளாஸ்ரூமிலிருந்து மதிப்பெண்களை ஷீட்டுக்கு எடுத்த பிறகு அங்கே மாற்றினால் இங்கே மாறாது. எடுத்த நேரத்து நகல்தான் அது, மறுபடி எடுக்க வேண்டும்.

கத்துகிற பிழைகள், சுருக்கமாக

#வேல்யூ! வந்தால் ஏபி இருக்கும் கட்டத்தைக் கூட்டல் குறியால் கூட்டியிருக்கிறீர்கள். சம் போடுங்கள். #டிவ்/0! என்றால் ஒருவருமே பதியாத நெடுவரிசைக்குச் சராசரி கேட்கிறீர்கள், பதிந்ததும் போய்விடும். #ரெஃப்! என்றால் சூத்திரம் நம்பியிருந்த நெடுவரிசையை யாரோ நீக்கிவிட்டார்கள், கன்ட்ரோல்+இசட். ###### பிழையே அல்ல, கட்டம் குறுகல். நான்கு தேர்வில் சிறந்த இரண்டை லார்ஜ் வைத்து எடுக்கும்போது #நம்! வந்தால் அந்தப் பிள்ளை ஒரு தேர்வுதான் எழுதியிருக்கிறது. இஃப்எரர் போட்டு எல்லாவற்றையும் 0 ஆக்கி மூடிவிடாதீர்கள். எது விடுபட்டது என்று காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் அந்தக் குறிதான்.

எண்ணை மாற்றினாலும் மொத்தம் மாறவில்லை என்றால் ஃபார்முலாஸ் மெனுவில் கணக்கீடு மேனுவல் ஆகியிருக்கும், ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். விடைக்குப் பதில் சூத்திரமே தெரிந்தால் அந்தக் கட்டம் டெக்ஸ்ட் வடிவமைப்பில் இருக்கிறது. ஜெனரல் ஆக்கிவிட்டு, கட்டத்துக்குள் போய் மறுபடி என்டர் தட்டுங்கள்.

நான் பதிந்ததை யாரோ மாற்றிவிட்டார்கள்

கூகுள் ஷீட்டில் அந்தக் கட்டத்தில் வலச்சொடுக்கு, 'ஷோ எடிட் ஹிஸ்டரி'. யார், எப்போது, முன்பு என்ன என்று வந்துவிடும். சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது, பல நேரம் நாமே கைபேசியில் விரல் பட்டு மாற்றியிருப்போம். சூத்திரம் இருக்கும் நெடுவரிசைகளையும் அடுத்தவர் பாடத்தையும் டேட்டா மெனுவில் 'ப்ரொடெக்ட்' செய்துவிடுங்கள். ஒருவர் ஃபில்டர் போட்டால் எல்லோர் திரையிலும் வரிசைகள் மறைகின்றன என்ற புகாருக்கு 'ஃபில்டர் வியூ' இருக்கிறது, அது போட்டவர் திரையோடு நின்றுவிடும்.

பெற்றோர் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் தெரிகிறது

ஷீட்டின் இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மற்ற வரிசைகளை மறைத்திருந்தால் அது மறைவே அல்ல. மறைத்த வரிசை, மறைத்த ஷீட், வெள்ளை எழுத்து எதுவுமே பூட்டு ஆகாது. எக்செல் கோப்பாக அனுப்பியிருந்தால் யாரும் இரண்டு சொடுக்கில் திறந்துவிடலாம். 2023-இன் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குத் தனிக் கவனம் கேட்கிறது. ஆதாரும் சாதிச் சான்றிதழ் விவரமும் மதிப்பெண்ணும் ஒரே ஷீட்டில் கிடப்பது நம் பள்ளிகளில் சாதாரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது: ஷேர் பொத்தானை அழுத்தி 'எனிஒன் வித் த லிங்க்' என்பதை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். போன இணைப்பு அந்த நிமிடமே செத்துவிடும். பிறகு மதிப்பெண்ணை மட்டும் தனிக் கோப்புக்கு எடுத்து, வேர்டில் மெயில் மெர்ஜ் வைத்து ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று பிடிஎஃப் ஆக்கி, அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள். மெர்ஜ் செய்யும் முன் முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.